ரிப்பன் மாளிகைக்கு ஒரு பாராட்டு மடல்

1688-ல் பிறந்து, இந்தியாவின் மூத்த மாநகராட்சி என்ற பெயரோடு நிற்கும் சென்னை மாநகராட்சிக்கு வணக்கம். 200 வார்டுகள், நாளொன்றுக்கு ஏறக்குறைய 5,000 டன் குப்பை. இவ்வளவையும் கட்டி மேய்க்கும் உங்கள் பெருமையை ஒரு முறையாவது வாயாரச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் உங்கள் பொறுமை. குப்பையைத் தரம் பிரிக்க மக்களைப் பழக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதிகள் சொன்னது 2000-ல். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று விதிகளை மாற்றி எழுதியது 2016-ல். அன்று பிறந்த குழந்தைகள் வளர்ந்து பள்ளிக்கூடத்தில் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி படம் வரைந்து பரிசு வாங்கிவிட்டார்கள். நீங்கள் யாரையும் அவசரப்படுத்தவில்லை. சுவரெல்லாம் ஓவியம், வண்டியெல்லாம் பாட்டு என்று இன்னமும் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்வதில் நீங்கள் சலித்ததே இல்லை.

அடுத்தது உங்கள் சமநோக்கு. காலையில் பேட்டரி வண்டி தெருவுக்குள் வருகிறது. ஒரு மாடிவீட்டிலிருந்து கட்டிய பை ஒன்று கைமாறுகிறது. அதை வாங்கிய தூய்மைப் பணியாளர் அம்மா முடிச்சை அவிழ்த்துப் பார்க்கிறார். நேற்றைய சாம்பார் சாதம், அதில் ஊறிய பால் கவர்கள், குழந்தையின் டயாபர், இவற்றுக்கு அடியில் உடைந்த டியூப் லைட். விரல்நுனி கிழிந்த கையுறையோடு சாதத்தை ஒரு பக்கம் வழித்துப் போட்டு, கவர்களை உதறி இன்னொரு பக்கம் போடுகிறார். வீட்டுக்காரர் செய்யாத வேலையை ஒரு நிமிடத்தில் செய்து முடிக்கிறார். அப்படிப் பிரித்ததும் பல இடங்களில் தெருமுனையில் நிற்கும் காம்பாக்டர் லாரியின் ஒரே வாய்க்குள்தான் போகிறது. மக்குவது, மக்காதது என்ற பேதம் உங்கள் லாரிக்குத் தெரியாது. அந்த அம்மாவின் உழைப்பையும் சேர்த்தே நசுக்கி எடுத்துப் போகிறது.

ஆனால் உங்களுக்குத் தரம் பிரிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நகரத்தையே பிரித்து வைத்திருக்கிறீர்களே! எண்ணூரின் சாம்பலையும் மணலியின் புகையையும் ஏற்கெனவே சுமக்கும் வடசென்னைக்குத்தான் தாங்கும் சக்தி அதிகம் என்று கண்டுகொண்டு, பாதி நகரத்தின் குப்பையைக் கொடுங்கையூரின் ஏறக்குறைய 340 ஏக்கரில் பல பத்தாண்டுகளாகக் கொட்டி வருகிறீர்கள். வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி சமையலறைக் கழிவு. அதைத் தெருவிலேயே உரமாக்கிவிட்டால் மலை வளராது. கலந்து கொட்டினால் அது காற்றுப் புகாமல் அழுகி மீத்தேனாகிறது, வெயிலில் தீப்பிடிக்கிறது. அந்தப் புகையைச் சுவாசித்து வளர்ந்த தலைமுறை இன்று பெற்றோர் ஆகிவிட்டது. போதாதென்று அங்கேயே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் தரப் பார்க்கிறீர்கள். 2025-ல் அந்த மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து வேண்டாம் என்றார்கள். உங்கள் தாராளம் அவர்களுக்குப் புரியவில்லை போலும்.

தெற்கே பெருங்குடியிலும் உங்கள் கை சிறுத்துவிடவில்லை. பூநாரையும் நீர்க்கோழியும் வரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே குப்பைமேடு அமைத்தீர்கள். 2022 ஏப்ரலில் அந்த மேடு நாள்கணக்கில் எரிந்தது. ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் அந்தச் சதுப்பு நிலம் சேர்ந்த செய்தி அதே ஆண்டு ஜூலையில் வந்தது. உலகமே மதிக்கும் ஈரநிலத்தின் ஓரத்தில் தீயணைப்பு வண்டிகளை நிறுத்திக் காட்டிய நகரங்கள் அதிகம் இருக்காது.

உங்கள் விடாமுயற்சியும் சிறியதல்ல. பழைய குப்பையைத் தோண்டிச் சலிக்கும் பயோமைனிங் வேலைக்குப் பெருங்குடியில் ஏறத்தாழ 350 கோடி ரூபாய், கொடுங்கையூரில் 600 கோடிக்கு மேல். கொடுங்கையூரில் ஒரு பக்கம் இயந்திரம் சலித்துக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் அன்றைய லாரிகள் வரிசையில் நிற்கின்றன. வேலை தீர்ந்துபோய்விடக் கூடாது என்ற அக்கறையை வேறெங்கே பார்ப்பது?

மனிதர்களைத் தரம் பிரிப்பதையும் சொல்ல வேண்டும். ஒரே துடைப்பம், ஒரே தெரு, ஒரே நாற்றம். ஆனால் நிரந்தரப் பணியாளர் ஒருவர், அரசுத் திட்டத்தின் கீழ் தற்காலிகமாக வந்தவர் ஒருவர், ஒப்பந்தக் கம்பெனியின் ஆள் ஒருவர். குப்பை அள்ளும் வேலைக்கு 2000-ல் ஓனிக்ஸ் கம்பெனியில் தொடங்கி, தனியார் கம்பெனிகள் மாறி மாறி வந்து போயின. பத்து மண்டலங்கள் தனியார் கைக்குப் போன பிறகு, 2025-ல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் முறை வந்தது. கொரோனா காலத்தில் நாம் கைதட்டி, காலில் பூப்போட்ட அதே பெண்கள் உங்கள் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். வேலையை நிரந்தரமாக்குங்கள், வாங்கும் சம்பளத்தைக் குறைக்காதீர்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. நீதிமன்ற உத்தரவைக் காட்டி, ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களைப் பஸ்களில் ஏற்றி அப்புறப்படுத்தியது. வாசல் விடிவதற்குள் காலியானது. மறுநாள் அரசு அவர்களுக்குக் காலைச் சிற்றுண்டித் திட்டம் அறிவித்தது.

அதே ஆண்டு வெளியான தூய்மை நகரப் பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 40 நகரங்களில் நீங்கள் 38-ஆவது. உங்களுக்குக் கீழே இருவரை விட்டுவைத்த பெருந்தன்மையையும் பாராட்டுகிறோம்.

இந்த மடலுக்குப் பதில் எழுதச் சிரமப்பட வேண்டாம். அந்த அம்மா பிரித்துக் கொடுக்கும் இரண்டு குப்பைக்கும் இரண்டு லாரி அனுப்புங்கள். சாதமும் காய்த்தோலும் அந்த வார்டு உரக்கூடத்தோடு நிற்கட்டும், கொடுங்கையூர் போக வேண்டாம். மழைக்காலத்துக்கு முன்னால் கிழியாத கையுறையும், அவர் பெயர் போட்ட வேலை உத்தரவும் போய்ச் சேரட்டும்.