கேட்டுக்கு வெளியே நேரம் கிடையாது

சென்னைத் துறைமுகத்தில் லாரி நெரிசல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு ட்ரெய்லர் கேட்டுக்குள் நுழைந்து, கண்டெய்னரை இறக்கிவிட்டு, மறுபடி கேட்டைத் தாண்டி வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று டெர்மினல்கள் நிமிடம் பிசகாமல் எழுதி வைக்கின்றன. எண்ணும் லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கடிகாரம் கேட்டில்தான் ஓட ஆரம்பிக்கிறது. துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் தொடங்கிக் காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று நீண்டு கிடக்கிற வண்டிகள் இருக்கின்றனவே, கணக்குப்படி அவை இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காத வண்டிக்குத் தாமதம் எங்கிருந்து வரும்?

பிறக்காத வண்டிக்குள் ஒரு டிரைவர் உட்கார்ந்திருக்கிறார். டிரிப் கணக்கில் கூலி வாங்குகிறவர். வண்டி ஓடினால் காசு, நின்றால் ஒன்றுமில்லை. கண் அசந்தால் முன்னால் விழுந்த பத்தடி இடைவெளியில் வேறொரு வண்டி மூக்கை நுழைத்துவிடும். அசராமல் விழித்திருந்தால், நடுராத்திரியில் ஒருவன் கதவைத் தட்டிக் கத்தியைக் காட்டி செல்போனைக் கேட்பான், இன்னொருவன் டேங்கில் டியூபைச் செருகி டீசல் உறிஞ்சுவான். கழிப்பறை? கிலோமீட்டர் கணக்கில் வண்டிகளை நிறுத்தி வைக்கத் தெரிந்தவர்களுக்கு, மனிதன் மூத்திரம் பெய்வான் என்பது தெரியாது. சாலையில் வண்டியை நிறுத்தி இடையூறு செய்ததாக அபராதச் சீட்டு கிழிக்கும்போது மட்டும் அந்த வண்டி சட்டென்று பிறந்துவிடுகிறது. அந்த ட்ரெய்லர்களின் சக்கரத்துக்கும் சாலைத் தடுப்புக்கும் நடுவே ஸ்கூட்டரை நுழைத்து, பின்னால் பிள்ளையை உட்காரவைத்துப் பள்ளிக்குப் போகிற திருவொற்றியூர்க்காரர்கள் எந்தக் கணக்கிலும் சேர்த்தியில்லை.

இதே துறைமுகத்தில் ஒரு கப்பல் வெளியே நங்கூரம் போட்டுச் சும்மா நிற்கட்டும், பார்க்கலாம். போன் மேல் போன் பறக்கும். கப்பல் ஒரு நாள் நின்றால் எத்தனை டாலர் போகும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். டிரைவர் ஒரு ராத்திரி நின்றால் எவ்வளவு போகும் என்று யாரைக் கேட்டாலும் விழிப்பார்கள். போவதெல்லாம் டிரைவருடையதும் வண்டிக்காரருடையதும்தானே! ஓசியில் கிடைப்பதை யார்தான் சிக்கனமாகச் செலவழிப்பார்கள்?

யார் காரணம் என்று கேட்டுவிடாதீர்கள். டெர்மினல் சுங்கத்துறையைக் காட்டும். சுங்கத்துறை, தாள் சரியில்லாத ஏற்றுமதியாளரைக் காட்டும். ஏற்றுமதியாளர், கண்டெய்னரை ஒப்படைக்க வேண்டிய ‘கட்-ஆஃப்’ நேரத்தைக் கடைசியில் வந்து சொல்கிற ஷிப்பிங் லைனைக் காட்டுவார். ஷிப்பிங் லைன், எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் வருவதாக டிரைவரைக் காட்டும். டிரைவருக்குக் காட்ட ஆளில்லை. அவர் முன்னால் நிற்கும் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லோர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதுதான் எரிச்சல். அதனால் ஆய்வுக் கூட்டம் நடக்கும். நான்கு நாள் கூடுதல் லேன் திறந்திருக்கும். ஐந்தாம் நாள் சர்வர் படுத்துவிடும்.

சாலை போட்டால் தீரும் என்பார்கள். போட்டார்களே! துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை பறக்கும் சாலைக்கு 2009இல் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். மதிப்பு 1,655 கோடி ரூபாய். 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கின்றனவாம். கூவத்தில் நீரோட்டம் இருக்கிற செய்தி அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. எழுப்பிய வரையில் தூண்கள் வருடக்கணக்கில் மொட்டையாக நின்றன. 2022 மே மாதம் பிரதமர் மோடி வந்து, இரண்டு அடுக்காக மாற்றி வரைந்த அதே சாலைக்கு இன்னொரு அடிக்கல் நாட்டினார். இப்போது மதிப்பு ஐயாயிரம் கோடிக்கு மேல். அடிக்கல் ஏற்றி வரும் வண்டி மட்டும் எந்த வரிசையிலும் நின்றதாகத் தகவல் இல்லை. சரி, சாலை முடிந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். ட்ரெய்லர் சீறிக்கொண்டு வந்து எங்கே நிற்கும்? அதே கேட்டில். வரிசை மாடிக்குக் குடிபோகும், அவ்வளவுதான்.

இதே கேட் சிக்கலுக்குக் கலிஃபோர்னியாவில் 2002இல் ஒரு சட்டம் போட்டார்கள். கேட்டில் லாரி எஞ்சினை ஓடவிட்டபடி 30 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் டெர்மினலுக்கு 250 டாலர் அபராதம். கவனியுங்கள், லாரிக்கு இல்லை, டெர்மினலுக்கு. நேரம் குறித்து வரச்சொல்லும் முறை வைத்தால் விலக்கு உண்டு என்று ஓர் ஓட்டையும் விட்டார்கள். டெர்மினல்கள் அதில் புகுந்துகொண்டன. முதலாளி எந்த ஊரிலும் முதலாளிதான். சிட்னியின் போர்ட் பாட்டனியில் 2011 முதல் இன்னும் கறாரான ஏற்பாடு: குறித்த நேரத்துக்கு லாரி வராவிட்டால் லாரிக்காரர் டெர்மினலுக்குப் பணம் கட்ட வேண்டும், வந்த லாரியைக் காக்கவைத்தால் டெர்மினல் லாரிக்காரருக்குக் கட்ட வேண்டும். இப்படிக் காத்திருப்புக்கு விலை வைத்தார்கள்.

இதை இங்கே சொன்னால், ‘நம்ம ஊருக்கு ஒத்துவராது சார்’ என்பார்கள். அபராதத்தில் பாதி மட்டும் ஒத்துவரும், லாரிக்காரர் கட்ட வேண்டிய பாதி. மறு பாதிக்கு ஆய்வுக் குழு. வண்டி எப்போது வரிசையில் வந்து சேர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அதற்கெல்லாம் தொழில்நுட்பம் வேண்டாமா என்று கவலையோடு கேட்பார்கள். இதே சென்னையில் ஹெல்மெட் போடாமல் சிக்னலைத் தாண்டுகிறவரின் நம்பர் பிளேட்டைக் கேமரா படித்து, அவர் செல்போனுக்கே அபராதத்தை அனுப்பிவிடுகிறது. ட்ரெய்லரின் நம்பர் பிளேட் ஸ்கூட்டரினுடையதைவிடப் பெரியது. மணிக்கணக்கில் அசையாமல் வேறு நிற்கிறது.