ஓடிபி அண்ணாச்சி

எங்கள் தெருவுக்கு சிலிண்டர் போடும் பையன், ஒரே ஒரு வீட்டு வாசலில் மட்டும் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் மணியை அடிப்பான். அது ஓடிபி அண்ணாச்சி வீடு.

பாளையங்கோட்டைக்கு மட்டும் வாய்த்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். டெலிபோன்ஸிலோ கருவூலத்திலோ ரிட்டயர் ஆனவர். சட்டைப்பையில் இரண்டு போன்: நெட் பார்க்க ஒன்று, பேங்க் நம்பருக்கென்று ஒரு பட்டன் போன். கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தால் திறக்க மாட்டார். பத்திரிகை என்ற பேரில் ஆப் அனுப்பிப் போனையே பிடுங்குகிறார்கள் என்பார். அது நிஜம்தான். ஆனால் அதைச் சொல்லியே சொந்தத்தில் மூன்று முகூர்த்தத்தைத் தவறவிட்டவர் இவர் ஒருவர்தான்.

சிலிண்டர் வந்ததும், போனுக்கு வந்திருக்கும் எண்ணைப் பையனிடம் சொன்னால்தான் அவன் கணக்கு முடியும். அண்ணாச்சி விடுவாரா?

"ஓடிபிய யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு கவர்மெண்டே சொல்லுது. நீ யாருடே?"

"நாலு வருஷமா நான்தான சார் போடுதேன்."

"திருடனும் அதத்தான் சொல்லுவான்."

சிலிண்டர் இரண்டு முறை திரும்பிப் போனது. மூன்றாம் முறை, அண்ணாச்சி குளிக்கிற நேரம் பார்த்து வரச்சொல்லி, மதினி சன்னல் வழியாக நம்பரைச் சொல்லி வாங்கிவிட்டார்.

துபாயில் இருக்கும் தம்பி மகன் ஒருநாள் புது நம்பரிலிருந்து கூப்பிட்டான். ஒருவர் குரலை அப்படியே காப்பியடித்துப் பேசவைக்க முடியும் என்று அண்ணாச்சி படித்திருந்தார். அதற்கு முன்னேற்பாடாக வீட்டு ஆட்களுக்குள் ஒரு ரகசியக் கேள்வி வைத்துக்கொள்வது நல்ல யோசனைதான். அண்ணாச்சி யோசனையை எடுத்துக்கொண்டார். கேள்வியைத் தம்பி மகனிடம் முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டார்.

"உன் கல்யாணத்துக்கு மறுநாள், சொதிச் சாப்பாட்டுல எது பத்தாமப் போச்சு?"

மாப்பிள்ளையாக உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு அடுக்களை நிலவரம் எப்படித் தெரியும்? "அப்பளமா பெரியப்பா?" என்றான். போன் கட்.

சொதிக்கு இஞ்சிப் பச்சடி இல்லாமல் போனதைத் திருநெல்வேலிக்காரன் மறப்பானா என்பது அண்ணாச்சி கட்சி. பையன் கூப்பிட்டது அவருக்கு ஆயிரம் திர்ஹாம் அனுப்புவதற்காக.

"பிறந்த வருஷத்த பாஸ்வேர்டா வைக்கக் கூடாது தம்பி" என்று எனக்கு அடிக்கடி புத்தி சொல்வார். அவர் வைத்திருப்பது மதினி பிறந்த வருஷம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவரேதான் சொன்னார். "சர்டிபிகேட்ல ஒண்ணு, சாதகத்துல ஒண்ணு. நான் வச்சிருக்கது சாதகத்துல உள்ளது. எவன் கண்டுபிடிப்பான்?"

ஒருமுறை அவரோடு திருச்செந்தூர் போயிருந்தேன். லாட்ஜில் ஆதார் கேட்டார்கள். அவர் நீட்டியது, முதல் எட்டு இலக்கத்தை மறைத்து கடைசி நான்கு மட்டும் தெரிகிற நகல். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இதை இறக்கிக்கொள்ளலாம். பலருக்கும் தெரியாது, கவுண்டரில் இருந்த பையனுக்கும் தெரியவில்லை.

"நம்பர் அழிஞ்சிருக்கே சார்."

அண்ணாச்சி 2022-க்குப் போனார். அந்த மே மாதம் பெங்களூரு ஆதார் அலுவலகம் 'நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள்' என்று அறிவித்தது, நாடே பரபரத்தது, இரண்டே நாளில் டெல்லி அதை வாபஸ் வாங்கியது என்று விஸ்தாரமாகப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் ஒரு காவடிக் கூட்டம். ஒருவர் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லெட்ஜரைத் திறந்து, "நம்பர் எழுதாம ரூம் தர முடியாது சார்" என்றான்.

அண்ணாச்சிக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் பேசினால் நாழிக்கிணறு வரை கேட்கும். "சரி, எழுதிக்கோ" என்று பன்னிரண்டு இலக்கத்தையும் நான்கு நான்காகப் பிரித்து, பஜனைக்கு அடியெடுத்துக் கொடுப்பது போலச் சொன்னார். குழந்தை விழித்துக்கொண்டது.

இத்தனை இருந்தும் அவரைக் கேலி செய்ய எனக்கு மனசு முழுதாக வருவதில்லை. அதற்கு அந்த 'ஒருத்தர்' கதைதான் காரணம்.

"நமக்குத் தெரிஞ்ச ஒருத்தரு, பேரு வேண்டாம்" என்று தொடங்குவார். ராத்திரி எட்டு மணிக்கு அந்த ஒருத்தருக்கு மெசேஜ் வருகிறது. போன மாத பில் ஏறவில்லை, இன்று 9.30-க்கு கரண்ட் கட், இந்த நம்பரைக் கூப்பிடவும். நம் ஊரில் இ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதில் ஏது போன மாதம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மெசேஜ் வந்தது யாரோ ஒருவருடைய செல் நம்பரிலிருந்து என்பதும் உறைக்கவில்லை. கூப்பிட்டால் அவ்வளவு மரியாதையான குரல். ஓர் ஆப்பை இறக்கச் சொல்கிறது. நம் போன் திரையை எதிராளிக்குக் காட்டிக்கொடுக்கிற ஆப் அது. பிறகு பத்தே பத்து ரூபாய் கட்டச் சொல்கிறது. கட்டும்போது இவர் கொடுத்த கார்டு விவரத்தையும், வந்த ஓடிபியையும் அவன் அங்கே உட்கார்ந்து எழுதிக்கொள்கிறான். அப்புறம் டிங், டிங், டிங் என்று மூன்று மெசேஜ்.

"அப்பவே சைபர் கிரைம் நம்பர் 1930-க்குப் போன் போட்டிருந்தா, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள நிப்பாட்டப் பாத்திருக்கலாம். ரெண்டு நாள் வாயத் திறக்கல தம்பி."

"ஏன் அண்ணாச்சி?"

"வீட்ல என்ன சொல்லுவாவளோன்னுதான்."

நாமே ரகசியத்தைக் கொடுத்துவிட்டால், பேங்கில் சொல்லும்வரை போனதெல்லாம் நம் தலையில்தான் என்ற ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையைத் தேதியோடு சொல்வார்: 2017, ஜூலை 6. கல்யாண நாளைக்கூட அவர் இவ்வளவு சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தக் கதைக்கு மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். அந்த ஒருத்தர் அன்று ராத்திரி சாப்பிட்டது கோதுமை தோசை, தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி, மூன்றாவது டிங் வந்தபோது தட்டில் இருந்தது இரண்டாவது தோசை என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் கதை அந்த இரண்டாவது தோசைக்கு வந்தபோது, அடுக்களையிலிருந்து மதினி குரல் கொடுத்தார்.

"தம்பி, அந்த ஒருத்தர உள்ள வரச்சொல்லுங்க. காப்பி ஆறுது."