கம்பி தெரிவதற்குள் கடைக்குப் போங்கள்

கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கார் டயரைப் பற்றியவை. ஐப்பசி மழையும் ஐப்பசி முகூர்த்தமும் ஒன்றாக நெருங்குவதால் ஐயம்பேட்டைக்காரர்கள் குனிந்து சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். நல்ல பழக்கம். மற்ற கேள்விகள் அடுத்த முறை.

கேள்வி: டயர் கடையில் 'ஆல் சீசன் டயர்' என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். நமக்கு எத்தனை சீசன் சார்? (ஐயம்பேட்டை வாசகர்)

பதில்: மூன்று. வெயில், மழை, முகூர்த்தம். மூன்றாவதில் பட்டு விற்கும். டயருக்குக் கவலை முதல் இரண்டுதான். 'ஆல் சீசன்' அமெரிக்கச் சரக்கு. கோடைக்கு ஒரு செட், பனிக்கு ஒரு செட் என்று மாட்டிக் கழற்றிச் சலித்தவர்களுக்காக 1977-ல் குட்இயர் கம்பெனி 'டியெம்போ' என்ற டயரைக் கொண்டுவந்தது. குளிர் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்து, பிடிமானம் குறையும். மார்கழி விடியலில்கூட நம் ஊர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "ஈரத்தில் பிடிக்குமா?"

கேள்வி: "கம்பி தெரியட்டும், அப்புறம் மாற்றலாம்" என்கிறார் எங்கள் டிரைவர். (முத்தியால்பேட்டை வாசகர்)

பதில்: கம்பி தெரியும்வரை ஓட்டினால் கம்பி எண்ணவும் நேரலாம். டயர் பட்டன்களுக்கு இடையே ஓடும் பள்ளத்தில், குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும். உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் சட்டப்படி டயரின் கதை முடிந்தது. புது டயரில் இந்தப் பள்ளம் சுமார் 8 மி.மீ. ஆழம். சட்டம் 1.6 வரை பொறுக்கும்; மழை பொறுக்காது. 3 மி.மீ. ஆனதுமே, அதுவும் புரட்டாசி முடிவதற்குள், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: போன மழையில் வாலாஜாபாத் சாலையில் போகும்போது ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டது. ஸ்டியரிங்கில் கோளாறா? (காஞ்சிபுரம் வாசகர்)

பதில்: ஸ்டியரிங் சரியாகத்தான் இருந்தது, கார்தான் தரையில் இல்லை. தேங்கிய நீரை வாரி வெளியே தள்ளுவது டயர்ப் பள்ளத்தின் வேலை. அதனால் முடியாதபோது டயர் நீரின் மேல் ஏறி மிதக்கும். விமானச் சக்கரங்களை வைத்து நாசா 1960-களில் இதற்கு ஒரு கணக்குப் போட்டது. அதன்படி, தண்ணீர் பள்ளத்தின் ஆழத்தைத் தாண்டிவிட்டால், 32 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். காற்று 25-தான் என்றால் 83-லேயே மிதக்கும். டயர் மொட்டையானால் கொஞ்சம் தண்ணீரே போதும். மறுபடி அப்படி ஆனால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். வேகம் குறைந்ததும் தரை தானாகக் கிடைக்கும்.

கேள்வி: சித்திரை வெயிலில் காற்று சூடாகி டயர் வெடிக்கும், அதனால் நாலைந்து பாயிண்ட் குறைத்து வைக்கச் சொல்கிறார்களே? (உத்திரமேரூர் வாசகர்)

பதில்: சொல்பவர் நல்லவராக இருக்கலாம், சொல்வது விபரீதம். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. சூடு ஏற ஏற, உள்ளே ரப்பரும் இழையும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். அதற்குப் பிறகுதான் வெடிப்பு. வெயிலால் காற்றழுத்தம் கூடுவது உண்மை. ஐந்தாறு டிகிரிக்குச் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. கூடும். ஆனால் கார் கம்பெனி அதையும் சேர்த்து யோசித்துத்தான் அளவு கொடுத்திருக்கிறது. அந்த அளவு குளிர்ந்த டயருக்கு உரியது. ஆகவே காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். மத்தியானம் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் விடியலில் டயர் பசியோடு நிற்கும்.

கேள்வி: எங்களிடம் இருப்பது பழைய டாடா இண்டிகோ மெரினா. பின்னால் புடவைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போவோம். எவ்வளவு காற்று வைக்கலாம்? (ஐயம்பேட்டை நெசவாளர்)

பதில்: ஸ்டேஷன் வேகனை இன்னும் வைத்திருப்பவருக்கு முதலில் ஒரு வணக்கம். எவ்வளவு என்று காரின் கையேட்டில் இருக்கிறது. பல கார்களில் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியும் இருக்கும். ஆள் மட்டும் போனால் ஓர் அளவு, முழுச் சுமைக்கு வேறோர் அளவு. வேகன் மாதிரி வண்டியில் சுமையெல்லாம் பின் அச்சின் மேல் உட்காருவதால் பின் டயருக்கு அதிகம் கேட்கும். எல்லாவற்றிலும் 'முப்பது வை' என்று சொல்லிப் பழகியவர்கள் அந்த ஸ்டிக்கரைப் படித்தால் ஆச்சரியப்படுவார்கள்.

கேள்வி: ஏழு பேர் போகும் கார். பழைய டயரில் 185/65 ஆர்15 88எச் என்று இருந்தது. கடையில் 185/60 ஆர்15 84எச் தருகிறார், "கொஞ்சம்தான் வித்தியாசம்" என்கிறார். வாங்கலாமா? (செங்கல்பட்டு வாசகர்)

பதில்: அந்தக் 'கொஞ்சத்தை' எடை போட்டுப் பார்த்துவிடுவோம். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல், 15 ரிம்மின் அங்குல அளவு. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும், நம் சாலையில் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். 88-தான் முக்கியம். ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று பொருள். 84 என்றால் 500 கிலோ. நாலு டயருக்கும் சேர்த்து 240 கிலோ குறைகிறது. மாமனார், மாமியார், மூன்றாவது ஆள், கூடவே சீர்வரிசைத் தட்டு. யாரை இறக்கிவிடப் போகிறீர்கள்? தவிர, டயர் உயரம் குறைவதால் கார் சுமார் 9 மி.மீ. தாழும், ஸ்பீடாமீட்டரும் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பழைய அளவையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஓட்டமே குறைவு. எட்டு வருடம் ஆகியும் பட்டன் புதுசு மாதிரி இருக்கிறது. இன்னும் ஓட்டலாமா? (வாலாஜாபாத் வாசகி)

பதில்: அத்தி வரதர் 40 ஆண்டு அனந்தசரஸ் குளத்துக்குள் இருந்து 2019-ல் வந்து தரிசனம் தந்தார், மறுபடி 2059-ல் வருவார். ரப்பருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. நிழலில் நின்றாலும் காற்றும் சூடும் பட்டு இறுகி, பக்கச்சுவரில் மயிரிழை போல வெடிப்பு விடும். டயரின் ஓரத்தில் நாலு எண் பார்க்கலாம். 3518 என்றால் 2018-ன் 35-வது வாரத்தில் செய்தது. ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருடம் ஆனால், பட்டன் எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். உங்களுடையதில் வெடிப்பு தெரிந்தால் இன்றைக்கே.

கேள்வி: கையில் இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது. முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா? (ஐயம்பேட்டை வாசகர்)

பதில்: பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் முன்னால் என்பார்கள். பின்னால் போடுங்கள். ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் கார் வளையாமல் நேராகப் போகும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றும். அதைச் சமாளிக்கப் பந்தய வீரர் வேண்டும்.

கேள்வி: நைட்ரஜன் அடிக்கலாமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். மீதி 22-க்குக் காசு கொடுப்பது உங்கள் விருப்பம்.

கேள்வி: பாதி விலைக்குப் பழைய டயர், பட்டன் ஆழமாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா? (அரக்கோணம் வாசகர்)

பதில்: தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் வெட்டி விற்பவர்கள் உண்டு. அந்தப் பள்ளத்துக்கும் உள்ளே இருக்கும் கம்பிக்கும் நடுவே ரப்பர் ஏறக்குறைய இருக்காது. பாதி விலைக்குக் கிடைப்பது பாதி டயர்கூட இல்லை.

கேள்வி: எந்தக் கம்பெனி டயர் நல்லது? பளிச்சென்று சொல்லுங்கள். (காஞ்சிபுரம் வாசகர்)

பதில்: நாம் இருப்பதே டயர் நாட்டில். எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்து, 1961-ல் டயருக்கு வந்தது. வாலாஜாபாத் தாண்டி ஒரகடம் போனால் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜே.கே. ஆகவே பெயர் சொல்லி யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டேன். கிரிக்கெட் மட்டையில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தும் வாங்க வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள எந்தக் கம்பெனியிலும் சரியான அளவில், புதிதாகச் செய்த டயர் நல்ல டயர்தான். பெரிய கம்பெனியின் டயரும் கடை மூலையில் மூன்று வருடம் தூங்கியிருந்தால் வேண்டாம். பில்லையும் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

கேள்வி: நான் புடவை எடுக்க மூன்று மணி நேரம் ஆக்குகிறேன் என்று கேலி செய்யும் என் கணவர், நாலு டயரை மூன்றே நிமிடத்தில் வாங்கி வந்துவிட்டார். என்ன சொல்வது? (ஐயம்பேட்டை வாசகி)

பதில்: ஒன்றும் சொல்லாமல் ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு காரண்டை போங்கள். நாலு டயரிலும் செய்த வாரம், அளவு, சுமை எண் மூன்றையும் படித்துக் குறித்துக்கொண்டு பில்லோடு ஒத்துப் பாருங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள், அநேகமாக இருக்காது. எல்லாம் சரியாக இருந்தால் அவரைப் பாராட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை டயர் கடைக்கு நீங்கள் போங்கள். முந்தானையைத் திருப்பிப் போட்டு ஜரிகை பார்க்கும் கண்ணுக்கு இது ஐந்து நிமிட வேலை. அதற்காகப் புடவைக் கடைக்கு அவரை அனுப்பிவிடாதீர்கள்.