ஃபிளெக்ஸ் எந்தக் கணக்கு?

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் அரிசி, பருப்பு, வெல்லம், வெள்ளிக் கொலுசு பற்றியெல்லாம் பேச ஆள் உண்டு. அதே மண்டிக்காரர்கள் மாலையில் அரிமாக்களாகி நடத்தும் பொருளாதாரத்தை அறிஞர் எவரும் தொட்டதாகத் தெரியவில்லை. அக்குறை இங்கே நீங்கும்.

மெல்வின் ஜோன்ஸ் 1917-இல் அமெரிக்காவில் தொடங்கிய அரிமா சங்கம் 1956-இல் இந்தியாவுக்கு வந்தது. அதன் நிதி விதி எளியது: ஊரில் திரட்டிய காசு சேவைக்கு மட்டும்; போண்டா, காபி, மண்டப வாடகை எல்லாம் உறுப்பினர் சந்தாவில். இரண்டும் கலக்கக் கூடாது. மகமையைத் தனியே எடுத்துவைத்துப் பழகிய வியாபாரிக்கு இது புதிதல்ல. வில்லங்கம் ஃபிளெக்ஸ் வடிவில் வந்தது.

பத்துக்கு எட்டு, ஆக 80 சதுர அடி. மேல்மூலையில் ‘இலவசக் கண் சிகிச்சை முகாம்’. மீதி முழுக்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரின் சிரிப்பு. இது சேவைச் செலவா, நிர்வாகச் செலவா? பரப்பளவுக் கட்சியார் முகாமுக்கு 12 அடி, முகங்களுக்கு 68 அடி என அளந்து பிரிப்பர். நோக்கக் கட்சியார் ஒப்பமாட்டார்கள்: இவ்வளவு பெரிய முகமே தெரியாதவர்தானே முகாமுக்கு வரவேண்டியவர்? ஆகவே முகம் ஒரு பரிசோதனைக் கருவி, முழுத்தொகையும் சேவையே. இக்கட்சியில் பெரும்பாலும் தலைவரே இருப்பார்.

சங்கத்துக்கு ஆண்டு தொடங்குவது ஜூலை 1. வருமான வரிக்கோ ஏப்ரல் 1. ஆக, ஒரு மார்ச் கணக்குக்கு இரண்டு பொருளாளர்கள். விடுபட்ட ரசீது எப்போதும் மற்றவர் காலத்தது. பதவியேற்பு மாலை வாடுமுன் ஆடி வேறு வந்துவிடும். மாரியம்மன் பண்டிகை நோட்டும் முகாம் ரசீதும் ஒரே கல்லாவின் முன் நிற்கும்போது, அம்மனை முந்தத் துணிந்த சேவைச் சங்கம் எங்கும் இல்லை.

பன்னாட்டுச் சந்தா டாலர் கணக்கு. 1991-இல் அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்த நாட்கள் ஜூலை 1, ஜூலை 3. புதுப் பொருளாளர் நாற்காலியில் உட்காரும் நாளாகப் பார்த்து இதைச் செய்தது தற்செயலா என்பது தனி ஆய்வுக்குரியது.

வருவாயில் நம்பகமானது, கூட்டத்தைக் கலகலப்பாக்கவென்றே சங்கம் வைத்திருக்கும் பொறுப்பாளரான டெயில் ட்விஸ்டர் போடும் அபராதம்: தாமதமாக வந்தால், பேட்ஜ் குத்தாவிட்டால், சும்மா சிரித்தால்கூட. வசூலை உடனே பொருளாளரிடம் கட்டி ரசீது வாங்க வேண்டும். டெயில் ட்விஸ்டருக்கே அபராதம் போடுவதென்றால், கூட்டத்துக்கு வந்த அத்தனை பேரும் ஒருமனதாக வாக்களிக்க வேண்டும். வந்தவர்களில் அவரும் ஒருவர். ஆதலால் அந்த இனத்துக்குப் பட்ஜெட்டில் பூஜ்யம் போட்டுவிடுவது வழக்கம்.