சம்பந்தி வீட்டுப் பரண்

வாலே பேராண்டி, உக்காரு. உம் பொண்டாட்டியையும் கூப்பிடு, திண்ணையில எடம் கிடக்கு. மெட்ராஸுக்குப் போறீகளாம்ல? ஊரே சொல்லுது, என்ட்ட மட்டும் நீ மூச்சு விடலை. கெழவன்ட்ட சொன்னா கூடவே மூட்டையைக் கட்டிருவான்னு பயம். பயப்படாதே, நான் வரலை. வெள்ளாடு ரெண்டு நெறைசெனையா நிக்கு.

அதென்ன, போன்ல பட்டியலா? வாசி, கேப்போம். "கட்டாயம் பார்க்க வேண்டிய இருபத்தஞ்சு இடங்கள்." நல்லது. எத்தனை நாளு தங்கல்? ரெண்டு நாளா! ஏ ஆத்தா, கேட்டியா உம் புருசன் கணக்கை? நம்ம கீதாரி நூறு ஆட்டைக் கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள எண்ணிப் பட்டியில அடைச்சிருவாரு. அவருக்கு ஒவ்வொரு ஆட்டோட ஆத்தா யாருன்னும் தெரியும். நீ எண்ணிட்டு மட்டும் வரப்போற.

மெட்ராஸைப் பாக்கப் போறதுக்கு ஒரு முறை இருக்குலே. மகளைக் கட்டிக்குடுத்த வீட்டுக்குப் போறோம்னு வச்சுக்க. சம்பந்தி நமக்கு என்ன காட்டுவாரு? புதுசா வாங்குன சோபா, சுவரு நெறைய டிவி, வாசல்ல நிக்குத காரு. நாம "அடேயப்பா, அடேயப்பா"ன்னு தலையை ஆட்டிக்கிட்டே கண்ணைப் பரண் மேல ஓட்டணும். நாம சீராக் குடுத்த சாமானெல்லாம் அங்க கிடக்கா, இல்லை பேரீச்சம்பழத்துக்குப் போயிருச்சா? மெட்ராஸும் அப்படித்தான். நம்ம சீமைச் சாமான் அங்கன ஏகப்பட்டது கிடக்கு.

முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல போறீக, அது ஒண்ணுதான் புத்தியாப் பண்ணியிருக்க. பஸ்ல போனா கிளாம்பாக்கத்துல இறக்கிவிட்டு மெட்ராஸ் வந்தாச்சும்பான். அங்கேருந்து மெட்ராஸுக்குப் போகத் தனியா ஒரு கட்டுச்சோறு வேணும். ரயிலு நேரா எழும்பூர்ல கொண்டுபோய் விட்டுரும். குளிச்சுச் சாப்பிட்டுட்டு மொதல்ல பாந்தியன் ரோட்டு மியூசியத்துக்கு நடங்க. பக்கந்தான். ஆட்டோக்காரன்ட்ட கேட்டியோ, ஊரைச் சுத்திக் கொண்டுபோய் அதே தெருவுல விடுவான்.

அந்த மியூசியம் 1851ல தொடங்குனது. பழைய மெட்ராஸ்காரவுக அதைச் செத்த காலேஜும்பாக. 1855ல அதே வளாகத்துல மிருகங்களைக் கொண்டாந்து அடைச்சுப் பாத்தாக. அதுக்கு உயிர் காலேஜ்னு பேரு. அப்புறம் உயிர் காலேஜ் சென்ட்ரல் பக்கம் போயி, 1985ல வண்டலூர்க் காட்டுக்கே குடிபோயிருச்சு. செத்த காலேஜ் மட்டும் எடத்தை விட்டு நகரலை. செத்தவுக எங்க நகருவாக?

உள்ள போனதும் எல்லாரும் திமிங்கல எலும்பைப் பாக்க ஓடுவாக. நீ ஆதிச்சநல்லூர் சாமான் எங்கன்னு கேளு. நம்ம தாமிரபரணிக் கரையில, 1899க்கு அப்புறம் அலெக்சாண்டர் ரீன்னு ஒரு தொரை தோண்டி எடுத்துட்டுப் போனது. இரும்புச் சாமான், வெண்கலச் சாமான், நெத்தியில கட்டுத பொன்னுப் பட்டம். நம்ம பாட்டன் பூட்டன் தாழியில கூட வச்சுப் பொதைச்சதை நாமளே டிக்கெட் வாங்கிப் பாக்கணும். வருத்தப்படாதே, சம்பந்தி வீட்டுல இதெல்லாம் சகஜம். அப்புறம் செப்புத்திருமேனிக. திருவெண்காட்டு அர்த்தநாரி, திருவாலங்காட்டு நடராசர். அபிஷேகமும் கெடையாது, உச்சிக்காலப் பூசையும் கெடையாது, ஆனா பாக்க வாறவுக வாயடைச்சு நிப்பாக. அங்க நின்னு செல்பி எடுக்காதே. அந்த நடராசர் பக்கத்துல உம் மூஞ்சி எடுபடாது.

பட்டியல்ல கோட்டை இருக்கா? இருக்கும். வெள்ளைக்காரன் எடம் வாங்குனது 1639ல. 1947 ஆகஸ்ட் 15ல ஏத்துன தேசியக் கொடி ஒண்ணு அங்க மியூசியத்துல வச்சிருக்காக, அதைப் பாரு. மத்தபடி பீரங்கி, பீங்கான் தட்டு. போற வழியில தீவுத்திடல் பக்கம் ரோட்டு நடுவுல ஒரு குதிரைச் சிலை நிக்கும். அவருதான் மன்றோ. குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை. செஞ்சவன் மறந்துட்டானா, வேணும்னே விட்டானான்னு 1839ல இருந்து ஊரு பேசிக்கிட்டு இருக்கு. உனக்கு அதுவா முக்கியம்? குடியானவனுக்கு நேரா பட்டா, நேரா தீர்வைன்னு ரயத்துவாரியை ஊன்றி நட்டவரு அவரு. நம்ம ஊரு எட்டயபுரம் ஜமீனுக்குள்ள மாட்டிக்கிட்டதால அந்தக் கணக்கு நமக்கு வந்து சேரலை. 1948ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பெறகுதான் நமக்கும் அந்த வழி தொறந்துச்சு. உங்க அப்பன் பேங்குல அடகு வச்சிருக்கானே ஒரு பட்டா, அதுக்கு மூலவரு குதிரை மேல உக்காந்திருக்காருன்னு நெனைச்சுக்க. அவருட்ட வட்டி எவ்வளவுன்னு கேக்காதே, எறங்கிப் போயிருவாரு.

அங்கனயே ஐகோர்ட்டு. செவப்புக் கட்டடம், 1892. அந்தச் சுவத்துல ஒரு கல்வெட்டு இருக்கு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்னு ஒரு ஜெர்மன் கப்பல் வந்து மெட்ராஸ் மேல குண்டு போட்டுச்சு. எண்ணெய்க் கெடங்கு பத்தி எரிஞ்சுச்சு. பாதி ஊரு சட்டி பொட்டியைத் தூக்கிக்கிட்டு வெளியூருக்கு ஓடிருச்சாம். கப்பல் வந்த வேகத்துல போயிருச்சு, பேரு மட்டும் நம்ம ஊரு வரைக்கும் நடந்தே வந்துருச்சு. உங்க பாட்டி கடைசி வரைக்கும் என்னைய எம்டன்னுதான் சொன்னா. அது திட்டா பாராட்டான்னு இன்னைக்கும் எனக்குப் பிடிபடலை.

சரி, கடற்கரைக்கு வருவோம். எப்ப போவீக? சாயங்காலமா? சூரியன் கடல்ல உதிக்குத ஊருலே அது. சாயங்காலம் போயி நின்னா அது உம் முதுகுக்குப் பின்னால கட்டடத்துல போயி அடையும். விடியக்காலம் போனா நாயும், நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக்குடுத்த ஆளுகளும் மட்டும் இருப்பாக, கடலைச் சும்மா பாக்கலாம். நீ எங்க எந்திரிக்கப் போற? சாயங்காலமே போ.

மெரினான்னு பேரு வச்சது கிராண்ட் டஃப்னு ஒரு கவர்னரு, 1880கள்ல. ரோட்டுல எறங்குனா மணலு கெடக்கும் பாரு, தண்ணியைத் தொடதுக்குள்ள உம் பொண்டாட்டி ரெண்டு தடவை உக்காந்து எந்திரிப்பா. அவ்வளவு மணலையும் ஆண்டவன் கொட்டினான்னு நெனைக்காதே. முந்தி கடலு கோட்டைச் சுவத்துக்குக் கிட்டக்கவே கெடந்துச்சு. அப்புறம் துறைமுகம் கட்டுதேன்னு கடலுக்குள்ள கல்லைப் போட்டுச் சுவரு நீட்டுனாக. கடலு அந்தக் கரையோரமா மணலைத் தெக்கேருந்து வடக்கே சொமந்துக்கிட்டே போகும். சுவரு மறிச்சதும் சொமையை அங்கனயே போட்டுருச்சு. தெக்கே மணலு சேந்து மெரினா மேடாச்சு. வடக்கே ராயபுரம் பக்கம் வர வேண்டிய மணலு வராமப் போயி, கடலு கரையைத் தின்ன ஆரம்பிச்சிருச்சு.

உனக்கு இது புதுசா இருக்கும், எனக்குப் புதுசில்லை. மேலக்காட்டுக்காரன் ஓடையில மண்ணை அணைச்சான்னா அவன் புஞ்சை மேடாகும், கீழக்காட்டுக்காரன் கரிசல் அறுத்துக்கிட்டுப் போகும். அப்புறம் ரெண்டு பேரும் வருசக்கணக்கா கோர்ட்டுக்கு அலைவான். மெட்ராஸ்ல கோர்ட்டு பக்கத்துலயே இருக்கு, ஆனா கடல் மேல யாரு வழக்குப் போட? மேலக்காட்டுல உக்காந்து சுண்டல் திங்க எல்லாரும் போறாக. கீழக்காட்டைப் பாக்க ஒரு பட்டியலும் சொல்லாது. காசிமேட்டுப் பக்கம் ஒரு எட்டுப் போயி, அலைக்கு அணையாக் கொட்டியிருக்க பாறாங்கல்லைப் பாத்துட்டு வா. மீனும் வாங்கலாம்.

ஒண்ணு மட்டும் வெளையாட்டில்லாமச் சொல்லுதேன். காலை நனை, போதும். கண்மாயில முங்குநீச்சல் போட்டவன்னு நெஞ்சை நிமித்தாதே. அங்க அலை திரும்பிப் போகையில அடியோட இழுக்கும். கரையில நின்னு பாக்கவுகளுக்கு அது தெரியாது.

சிலைக வரிசையா நிக்கும். உழைப்பாளர் சிலையில நாலு பேரு பாறையைத் தள்ளுதாக. 1959ல இருந்து தள்ளுதாக. பாறை நகரலை, ஆனா ஒருத்தனும் டீ குடிக்கப் போகலை. உங்க அப்பனை ஒருநாள் அங்க கூட்டிட்டுப் போகணும். 1968ல உலகத் தமிழ் மாநாட்டுக்காக வச்ச சிலைக நெறைய. மதுரையை எரிச்ச கண்ணகியையே 2001ல பேத்து எடுத்துட்டு, 2006லதான் திரும்பக் கொண்டாந்து நிறுத்துனாக. வெள்ளைக்காரவுக மூணு பேரு நிக்காகளே, யாருன்னு தெரியுமா? வீரமாமுனிவரு நம்ம காமநாயக்கன்பட்டியில இருந்தவரு. போப்பு சாயர்புரம். கால்டுவெல்லு இடையன்குடி. மூணு பேரும் நம்ம பக்கத்து வெயில்ல காய்ஞ்ச ஆளுக. இப்ப அங்க கடக்காத்து வாங்கிக்கிட்டு நிக்காக. பென்சன் வாங்குனதும் பட்டணத்துல குடியேறுத ஆளுக மாதிரி.

சமாதிக நாலு இருக்கு. எம்ஜிஆர் சமாதியில காதை வச்சா உள்ள அவரு கெடியாரம் ஓடுத சத்தம் கேக்கும்னு சொல்லுவாக. நீ சிரிப்ப. நான் வச்சுப் பாத்தவன்லே. மண்டி போட்டு, கையை மடக்கி அதுமேல தலையைச் சாய்ச்சுக் காதைக் குடுத்தேன். டிக் டிக்னு சுத்தமாக் கேட்டுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. எந்திரிச்சு வந்து எல்லார்ட்டயும் சொல்லுதேன், உங்க மாமன், என் மருமகப்பிள்ளை, காதோரம் வந்து, "மாமா, அது உங்க கையில கட்டியிருக்கது"ன்னாரு. அன்னையிலேருந்து நான் கெடியாரமே கட்டுததில்லை. நீ காதை வைக்கதுன்னா கழத்திட்டு வை.

எதுத்தாப்புல ஐஸ் ஹவுஸ். 1842ல கட்டுனது. அமெரிக்காவுல பனிக்காலத்துல ஒறைஞ்ச தண்ணியைப் பாளம் பாளமா அறுத்து, மரத்தூளைப் போட்டு மூடி, கப்பல்ல ஏத்தி மெட்ராஸ்ல வித்தாகலே! வெள்ளைக்காரன் ஒரு வாய் குளுந்த தண்ணி குடிக்க. இங்க உங்க பாட்டி மண்பானையில ஈரத்துணியைச் சுத்தி வச்சு அந்தச் சோலியை முடிச்சா. 1897ல விவேகானந்தரு அங்க தங்கிப் பேசுனாரு. அவரை அமெரிக்காவுக்கு அனுப்பப் பணம் போட்டவுகள்ல நம்ம ராமநாதபுரம் சேதுபதியும் உண்டு. அங்கேருந்து ஐஸு வந்துச்சு, இங்கேருந்து சாமியாரு போனாரு. பண்டமாத்துல நாம ஏமாறலைன்னு வச்சுக்க.

அங்கேருந்து உள்ள நடந்தா திருவல்லிக்கேணி. இங்கதான் அவசரப்படாம நில்லு. பார்த்தசாரதி கோயில்ல பெருமாளுக்கு மீசை உண்டு. மீசை வச்ச சாமி இருக்குத தெருவுக்குப் பக்கத்துலதான் மீசை வச்ச நம்ம எட்டயபுரத்துக்காரரு குடியிருந்தாரு. அந்தக் கோயில் யானை தள்ளிவிட்டுச்சு, பொழைச்சாரு, ஆனா 1921 செப்டம்பர்ல அந்த வீட்டுலயே காலமாயிட்டாரு. முப்பத்தொம்பது வயசுகூட முடியலைலே. இப்ப நினைவு இல்லமா வச்சிருக்காக. செருப்பைக் கழத்திட்டு உள்ள போ. எந்த ஊருன்னு யாராவது கேட்டா, எட்டயபுரம் பக்கம்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லு.

கிண்டியில மான் பாக்கப் போவீக, சரி. பக்கத்துல காந்தி மண்டபத்துல ஒரு செக்கு நிக்கு. கப்பலோட்டுன நம்ம ஒட்டப்பிடாரத்துப் பிள்ளைவாள் கோயமுத்தூர் செயில்ல மாடு மாதிரி இழுத்த செக்கு அது. மானுக்கு முன்னால கூட்டம் நிக்கும், செக்குக்கு முன்னால நீங்க ரெண்டு பேருதான் நிப்பீக. நல்லெண்ணெய் விக்கிற வெலைக்குத் திட்டும்போதெல்லாம் அந்தச் செக்கு ஞாபகத்துக்கு வரட்டும்.

உம் பொண்டாட்டி அப்பப் பிடிச்சு தி.நகர்ங்கா. போம்மா தாயி, போ. சேலையை நீ பாரு, இவனைக் கல்லாப்பெட்டிப் பக்கம் நிறுத்து. "என்னவே, எப்படி இருக்கீரு"ன்னு காதுல விழும். நம்ம சீமை வேவாரிக பேச்சு. சேலையை விரிச்சுப் போடுத பிள்ளைகளும் நம்ம பக்கத்துக் கரிசக்காட்டுலேருந்து போனதுகளா இருக்கும். நாள் முச்சூடும் நின்ன காலு. அதுக உக்காரலாம்னு சொல்லவே 2021ல ஒரு சட்டம் போட வேண்டியதாப் போச்சு. நூறு சேலையை எடுத்துப் போடச் சொல்லிட்டு ஒண்ணும் வாங்காம எந்திரிக்காதே.

மாமல்லபுரம் போனா பெரிய பாறையில அருச்சுனன் தபசைப் பாக்கும்போது கீழ ஓரமாப் பாரு. ஒரு பூனை கையைத் தூக்கி ஒத்தைக் கால்ல தவம் பண்ணும், எலிக சுத்தி நின்னு கும்பிடும். உங்க அத்தையோட மாமனாரு சாயலு அப்படியே இருக்கும்.

ஆங், அத்தைன்னதும் ஞாபகம் வருது. வேளச்சேரியில அவ வீட்டுக்குப் போகாம வந்துராதே. இந்தா, உடன்குடிக் கருப்பட்டி ரெண்டு சிப்பம், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு டப்பா. சாப்பிடச் சொன்னா ஒரு வாய் சாப்பிடு. குளிமுறிக்கு மேல ஒரு பரண் இருக்கும். அவ கல்யாணத்துக்கு நான் பதினெட்டு ஆட்டை வித்துக் குடுத்த பித்தளை அண்டா அங்க இருக்கணும், காது ரெண்டும் யானைத் தும்பிக்கை மாதிரி வளைஞ்சிருக்கும். கேட்டுராதே. கையைக் கழுவப் போற மாதிரி போயி, அண்ணாந்து மட்டும் பாத்துட்டு வா.