வட்டகொடையில் விமானம் நிற்காது

கேள்வி: குவைத்துக்கு டிக்கெட் வந்துவிட்டது. விமானம் இரவு 9 மணிக்கு. வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு இறங்கினால் சரி?
- ஒரு வாசகி, வட்டகொடை

பதில்: 3 மணித்தியாலம் முன்னதாக வரும்படி விமானக் கம்பனி சொல்லியிருக்கும். அது நீர்கொழும்பில் குடியிருப்பவருக்குச் சொன்னது. உங்களுக்கு நடுவில் தலவாக்கலை, ஹற்றன், கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று ஒரு மலைநாடே குறுக்கே படுத்திருக்கிறது. மழையும் மூட்டமும் இல்லாத நாளில் வானில் 5, 6 மணித்தியாலம். கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் அந்தக் கணக்கும் கிடையாது. ஆகவே பிரட்டுக்குப் போகிறவர்கள் லயத்தைவிட்டு இறங்கும் நேரத்துக்கே நீங்களும் இறங்குங்கள். நாலு மணித்தியாலம் சும்மா உட்கார்ந்திருந்தால் முதுகு வலிக்கும். பத்து நிமிடம் பிந்தினால் டிக்கெட் காசு வலிக்கும்.

இன்னொன்று. டிக்கெட்டில் உள்ள 9 மணி விமானத்துக்குரிய நேரம். உங்களுடையது 8 மணியோடு முடிந்துவிடும். பெரும்பாலான கம்பனிகள் ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடுகின்றன. கட்டுநாயக்கவில் கட்டடத்துக்குள் நுழையும்போதே பெட்டிகளை எக்ஸ்ரேயில் போட வேண்டும். பிறகு கவுண்டர், அதன் பிறகு குடிவரவு, கடைசியாக விமானத்தில் ஏறும் வாசலுக்கு முன்னால் மறுபடியும் ஒரு சோதனை. நாலு வரிசை. பண்டிகைக் காலத்தில் நாலும் வாசலைத் தாண்டும்.

வழியனுப்ப வான் நிறைய ஆட்களை ஏற்றாதீர்கள். ஹற்றன் மாணிக்கப் பிள்ளையார் ஒரு தேங்காயோடு உங்களை விட்டுவிடுவார். சித்தப்பாவின் பிளேன்டீயும் பெரியம்மாவின் வெற்றிலையும் கித்துல்கல ஆற்றோரத்தில் பிள்ளைகள் எடுக்கும் போட்டோவும்தான் விடாது.

கேள்வி: வானுக்குக் கொடுக்கும் காசுக்குக் கோச்சியில் பத்துத் தடவை போய்வரலாமே?
- மாமனார், அதே வீடு

பதில்: பத்துத் தடவை போகலாம். அந்த ஒரு தடவை நேரத்துக்குப் போக முடியுமா என்பதே கேள்வி. ரம்புக்கனைக்கு மேலே ஒற்றைப் பாதை. எதிரே வரும் கோச்சி பிந்தினால் உங்கள் கோச்சியும் ஏதோ ஒரு ஸ்டேஷனில் நின்று அதற்கு வழிவிட வேண்டும். ஒன்றின் தாமதம் மற்றதுக்கும் ஒட்டிக்கொள்ளும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்தப் பாதையைப் பல இடங்களில் மண்ணோடு பெயர்த்துப் போட்டதும் நினைவிருக்கட்டும். கோச்சிதான் என்றால் முதல் நாளே போய் வத்தளையிலோ நீர்கொழும்பிலோ ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். மாமனாரே கூடப் போய்த் தங்க வைத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: அமெரிக்காவில் விமான நிலைய ஸ்கேனருக்கு எதிராகவே போராட்டம் நடத்தினார்களாமே? வென்றார்களா?
- தொழிற்சங்கத்தில் இருப்பவர், ஹற்றன்

பதில்: 2009 கிறிஸ்மஸ் அன்று ஒருவன் உள்ளாடைக்குள் வெடிபொருளை மறைத்துக்கொண்டு டெட்ரொய்ட் போகும் விமானத்தில் ஏறினான். வெடி சரியாக வெடிக்கவில்லை. ஆனால் அடுத்த வருடமே, உடுப்பைத் தாண்டி உடம்பைக் காட்டும் ஸ்கேனர்களை ஊரெல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வேண்டாம் என்பவர்களை, படக்கூடாத இடமெல்லாம் படும்படி கையால் தடவினார்கள். சனங்கள் கொதித்தார்கள். நன்றி நவிலல் பண்டிகைக்கு முதல் நாள், 2010 நவம்பர் 24, நாட்டின் மிகப் பெரிய பயண நாட்களில் ஒன்று. அன்று எல்லாரும் ஸ்கேனரை மறுத்துக் கைச் சோதனை கேட்டு வரிசையை முடக்குவது என்று அழைப்பு விடப்பட்டது.

பிசுபிசுத்தது. மறுத்தவர்கள் சொற்பம். வரிசைகள் வழக்கம் போலவே நகர்ந்தன. பண்டிகைக்கு வீட்டுக்குப் போகிறவனிடம் போய் வீட்டுக்குப் போகாதே என்று சொன்னால் எப்படிக் கேட்பான்? தீபாவளிக்கு முதல் நாள் வேலைநிறுத்தம் அறிவித்துப் பாருங்கள், உங்களுக்கே விளங்கும்.

ஆனால் உடம்பை அப்படியே காட்டிய அந்த மெஷின் 2013இல் போய்விட்டது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்காமல் கொண்டுவந்தது சரியில்லை என்று 2011இல் நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆளின் உருவத்தைக் காட்டாமல் வெறும் பொம்மைக் கோட்டுருவத்தை மட்டும் காட்ட வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அந்த மெஷினைச் செய்த கம்பனியால் அதற்கேற்ற மென்பொருளைக் குறித்த நாளுக்குள் செய்ய முடியவில்லை. வரிசையில் நின்று கத்தியவர்கள் வாங்காததை, வழக்குப் போட்டவர்களும் சட்டம் எழுதியவர்களும் வாங்கினார்கள். கத்தியிருக்காவிட்டால் சட்டம் எழுதுகிறவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

கேள்வி: நம் நாட்டில் அப்படி எதுவும் நடக்காது. நமக்கு வரிசையில் நிற்கத்தான் தெரியும்!
- சலித்துப்போன வாசகர், தலவாக்கலை

பதில்: அமெரிக்காவில் நடக்காதது இங்கே நடந்திருக்கிறது, ஐயா. 2022 ஜூலை 12, கட்டுநாயக்க. பசில் ராஜபக்ஷ டுபாய் போக வந்தார். காசு கட்டினால் சாதாரண வரிசையில் நிற்காமல் போகக்கூடிய 'சில்க் ரூட்' என்ற தனி வழி. அந்த வழியில் சேவை செய்ய மாட்டோம் என்று குடிவரவு அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்த பயணிகளும் சத்தம் போட்டார்கள். பசில் வந்த வழியே திரும்பிப் போனார்.

ஜனாதிபதியாக இருந்த அவருடைய அண்ணன் கோட்டாபயவுக்கும் அதே கதிதான். விசேட அறைக்கு வந்து கடவுச்சீட்டில் முத்திரை குத்த அதிகாரிகள் மறுத்ததாகச் செய்தி வந்தது. பொது வரிசைக்குப் போக அவருக்குப் பயம். கடைசியில் 13ஆம் திகதி அதிகாலை விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குப் பறந்தார். நாட்டை ஆண்டவரால் நாட்டின் விமான நிலையத்தில் ஒரு முத்திரை வாங்க முடியவில்லை! அதற்கு முந்திய மாதங்களில் இந்த நாடே பெற்றோலுக்கும் காஸ் சிலிண்டருக்கும் வரிசையில் நின்றது. எங்களோடு சேர்ந்து நில் என்று பெரியவர்களைப் பார்த்து அந்த ஒரு இடத்தில்தான் சொல்ல முடிந்தது.

வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? அமெரிக்காவில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் மறுத்தார்கள். இங்கே அந்தப் பக்கம் இருந்தவர்கள் மறுத்தார்கள். முத்திரை அவர்கள் கையில் இருந்தது.

கேள்வி: சேலை கட்டிக்கொண்டு போனால் தனியாகக் கூப்பிட்டுத் தடவிப் பார்ப்பார்களா?
- ஓர் ஆசிரியை, கொட்டகலை

பதில்: அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் மீரா ஷங்கரையே பார்த்தார்கள். 2010 டிசம்பர், மிசிசிப்பி மாநிலத்து ஜக்சன் விமான நிலையம். தூதர் என்று சொல்லியும் கேட்கவில்லை. சேலைதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. முன்னாள் இந்திய ஜனாதிபதி அப்துல் கலாமையும் 2009இல் டில்லியிலேயே ஓர் அமெரிக்க விமானக் கம்பனி ஆட்கள் சோதித்தார்கள். 2011இல் நியூயோர்க்கில் விமானத்துக்குள் உட்கார்ந்த பிறகு கோட்டையும் சப்பாத்தையும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் பெரிதுபடுத்தவில்லை. டில்லிதான் கொதித்தது.

நீங்கள் தாராளமாகச் சேலை கட்டுங்கள், ஊசியை மட்டும் குறையுங்கள். கையால் பார்க்க வேண்டும் என்றால் பெண் அதிகாரிதான் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். மறைவாக ஓர் அறையில் பார்க்கும்படியும் கேட்கலாம். குரலை உயர்த்தத் தேவையில்லை. வகுப்பில் பேசுகிற குரலே போதும்.

கேள்வி: தாலியைக் கழற்றச் சொல்வார்களா?
- அதே ஆசிரியை

பதில்: பெரும்பாலும் இல்லை. மெஷின் சத்தம் போட்டால் கையால் பார்ப்பார்கள். அப்படியே கழற்றித் தட்டில் போட நேர்ந்தால் திரும்ப எடுக்க மறக்காதீர்கள். கட்டியவர் எப்படியும் வெளியேதான் நிற்கப் போகிறார்.

கேள்வி: மகள் தோஹாவில். எலுமிச்சை ஊறுகாய், தேங்காய் எண்ணெய், கொப்பரை, நல்ல தேயிலை எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். எதைக் கையில் கொண்டுபோவது?
- ஓர் அம்மா, வட்டகொடை

பதில்: ஊறுகாயும் எண்ணெயும் பெட்டியில் போகட்டும். கையில் கொண்டுபோனால் 100 மில்லிலீற்றருக்கு மேல் விட மாட்டார்கள். 2006 ஓகஸ்டில் இலண்டனிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்களைக் குளிர்பானப் போத்தலில் கலந்த வெடிமருந்தால் தகர்க்கத் திட்டமிட்டவர்கள் பிடிபட்டார்கள். அன்றிலிருந்து உங்கள் ஊறுகாய்க்கும் சந்தேகப் பார்வைதான். அதிகாரியிடம் கெஞ்சிப் பிரயோசனம் இல்லை. பிடித்து வைக்கும் ஊறுகாயை அவர் சாப்பிடவும் முடியாது, பாவம்.

கொப்பரையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானப் போக்குவரத்து விதிகளில் அதற்கு இடம் உண்டு. தேங்காயைக் கீறிக் காயவைத்த பாட்டிமார் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே வீட்டில் வைக்கட்டும். பவர் பேங்க் மட்டும் நேர்மாறு: பெட்டியில் போடவே கூடாது, கையில்தான்.

தேயிலைக்குத் தோஹாவில் தடையில்லை. அமெரிக்கா போகிறவர்கள் மட்டும் ஜாக்கிரதை. 2018இலிருந்து கையில் 350 மில்லிலீற்றருக்கு மேல் தூள் வைத்திருந்தால் தனியாகச் சோதிப்பார்கள். நம் டஸ்ட் தேயிலையைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுக்கவும் வழியில்லை.

பெட்டியை வீட்டிலேயே நிறுத்துக்கொண்டு போங்கள். கொழுந்துத் தராசில் தண்ணீருக்கும் கூடைக்கும் என்று கிலோ கழித்தே பழகியவர்கள் நாம். அங்கே ஒரு கிலோவும் கழிக்க மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் ஐசி இல்லாமல் கொழும்புக்கு ஓரடி வைக்க முடியாது. வெலிமடைச் சந்தைக்குப் போனாலும் இறக்கி ஏற்றுவார்கள். இப்போதுள்ள பிள்ளைகள் அரை மணித்தியால வரிசைக்கே புலம்புகிறார்களே!
- ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, மடக்கொம்பரை

பதில்: உங்கள் காலத்துக்கும் முந்திப் போவோமா? நம் பாட்டன்மார் கடலைத் தாண்டும் முன்னரே மண்டபம் முகாமில் அடைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று கண்ட பிறகுதான் அனுப்பினார்கள். கழுத்தில் தோட்டத்து எண் பொறித்த தகர வில்லை. அவர்களுடைய போர்டிங் பாஸ் அதுதான்.

உங்கள் மடக்கொம்பரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளையை 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்து, அனுப்பியவர்களைப் பார்த்து நீ யார் என்று கேட்டது. 1952இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் இருந்தது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, இந்தியாவுக்கென்று பெயர் விழுந்தவர்களை ஒப்பாரிக் கோச்சியில் தலைமன்னாருக்கு ஏற்றியது. மிச்சப்பட்டவர்களின் காரியம் 2003 சட்டம் வரை இழுபட்டது. பிறகு யுத்த காலச் சோதனைச் சாவடிகள். 2001 ஜூலை 24 கட்டுநாயக்கத் தாக்குதலுக்குப் பிறகு விமான நிலையத்துப் பக்கம் தமிழ்ப் பெயரோடு போய்வந்தவர்களுக்கு ஆளுக்கொரு கதை இருக்கும்.

அதற்காக, நாங்கள் பட்டோம், நீயும் படு என்பது கங்காணி நியாயம். கணக்கப்பிள்ளை நியாயமாகவாவது பேசுங்கள். அந்தப் பிள்ளைகள் புலம்பட்டும். புலம்பாமல் போன வரிசைகள்தான் இந்த மலையில் அதிகம்.

கேள்வி: அமெரிக்காவில் சோதனை செய்கிறவர்களுக்கு மாதக் கணக்கில் சம்பளமே கொடுக்கவில்லையாம். உண்மையா?
- கொழுந்து எடுப்பவர், ரதல்ல

பதில்: உண்மை. 2025 ஒக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாள். வரவுசெலவுக்குச் சம்மதம் கிடைக்காமல் அரசாங்கமே பூட்டிக் கிடந்தது. சோதனை அதிகாரிகள் கட்டாயம் வேலைக்கு வர வேண்டும், சம்பளம் பிறகு. நம் கணக்கில் அரைப்பேர்கூட விழவில்லை. வராமல் நின்றவர்கள் கூடினார்கள், வரிசைகள் நீண்டன. விமானக் கட்டுப்பாட்டு ஆட்களுக்கும் அதே நிலை. நவம்பரில் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களையே குறைக்கச் சொல்ல வேண்டி வந்தது. பிறகுதான் பூட்டு திறந்தது. யாரும் வேலைநிறுத்தம் அறிவிக்கவில்லை. வரிசையை நிறுத்த 2010இல் ஊரைக் கூட்டியும் முடியாததைச் சம்பளம் கொடுக்காமலே அரசாங்கம் செய்து காட்டியது.

கேள்வி: கொழும்பில் கடையில் நிற்கிறேன். தீபாவளிக்கு ஊர் வர பஸ்தியன் மாவத்தையில் பட்ட பாடு சொல்லி முடியாது. என்ன வழி?
- ஓர் இளைஞர், வட்டகொடை

பதில்: இரண்டு நாள் முந்திப் புறப்படுங்கள். முதலாளி விட மாட்டார் என்கிறீர்களா? அப்படியானால் நெரிசல் பஸ்ஸில் இல்லை, கடையில். பண்டிகை லீவு வேண்டும் என்று ஒரு மாதம் முந்தியே, நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்டால் யோசிப்போம் என்பார்.

கேள்வி: இரண்டு விமானம் மாறிப் போக வேண்டும். முதலாவது பிந்தினால்?
- ஒரு வாசகர், நானுஓயா

பதில்: இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பனியின் பொறுப்பு. மலிவு என்று தனித்தனியாக வாங்கியிருந்தால் உங்கள் பொறுப்பு. மிச்சம் பிடித்த காசு அந்த ஒரு ராத்திரியில் போய்விடும்.

கேள்வி: சப் ஏஜன்ட் சொல்கிறார், பியூரோவில் பதிவெல்லாம் வேண்டாம், விசிட் விசாவில் போய் அங்கே வேலைக்கு மாறலாம், எயார்போட்டில் தனக்கு ஆள் இருக்கிறது என்று. நம்பலாமா?
- பெயர் வேண்டாமென்ற வாசகி, தலவாக்கலை

பதில்: ஸ்கேனரைவிட முக்கியமான சோதனை இதுதான். வேலைக்குப் போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். பதியாமல் போனால் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பலாம். அதைத் தாண்டிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அங்கே சம்பளம் கொடுக்காமல் அடைத்து வைத்தால், இந்த நாட்டின் பதிவேட்டில் நீங்கள் வேலைக்குப் போனதாகவே இராது. காப்புறுதியும் கிடையாது. 1989 என்ற இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுத்து அந்த ஏஜன்சிக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். எயார்போட்டில் ஆள் இருப்பதாகச் சொல்பவரிடம், அந்த ஆளின் பெயரை ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர் உங்கள் லயத்துப் பக்கம் வந்தால் எனக்கு எழுதுங்கள்.