காரைக் கமிஷனுக்கு விட்டுப் பார்

டீலரை நீங்களாகத் தேடிப் போகாதீர்கள். சொந்தக்காரர் ஒருவர் கைகாட்டிய ஆளாக இருக்க வேண்டும். மச்சான் கைகாட்டியவர் என்றால் உத்தமம். “நம்ம பையன்தான் மாப்ள, சத்தி ரோட்ல கன்சல்டிங் வெச்சிருக்கான், கச்சிதமா முடிச்சுக் குடுத்துருவான்” என்று அவர் சொன்ன நிமிஷத்திலேயே பாதி வேலை முடிந்தது. இனி நீங்கள் எதையும் எழுதிக் கேட்க முடியாது. வண்டியை விட்டதற்கு ரசீது கேட்டால் பையனுக்குச் சங்கடம். பையனுக்குச் சங்கடம் என்றால் மச்சானுக்கு வருத்தம். மச்சானுக்கு வருத்தம் என்றால் அன்று இரவு உங்கள் வீட்டில் வெறும் ரசம் சாதம்தான். முன்பின் தெரியாத இடத்தில் விட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பெல்லாம் டீலருக்குக் கிடைத்திருக்காது, பாவம்.

கடைக்குப் போனதும் டீ வரும். நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவார். எதையும் தொட மாட்டார். பின்பக்க பம்பர் மூலையில் மட்டும் நின்று “ச்சு” என்பார். காரணம் கேட்காதீர்கள். அந்த “ச்சு”வுக்கு விலை இருபதாயிரம் ரூபாய். பிறகு எதிரில் வந்து உட்கார்ந்து, பெண் கொடுத்த மாமனார் போன்ற அக்கறையோடு கேட்பார்: “சார், உங்களுக்குக் கைக்கு எவ்வளவு வந்தா போதுங்க?”

தொழிலின் மொத்த சூட்சுமமும் இந்தக் கேள்வியில் இருக்கிறது. என்ன விலைக்கு விற்கலாம் என்ற பேச்சே வரவில்லை, கவனித்தீர்களா? நல்ல வண்டிக்காரர் தன் மனதில் இருக்கும் அடிமட்ட விலையை ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். உங்களுடையது 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல் என்று வைத்துக்கொள்வோம். “மூணே முக்கால் வந்தா போதும்” என்கிறீர்கள். அவர் நாலே காலுக்கு முடித்தால் நடுவில் இருக்கும் ஐம்பதாயிரம் அவருடைய சாமர்த்தியத்துக்கு. அதுபோக உங்களிடம் ரெண்டு பர்சென்ட், வாங்குகிறவரிடம் ரெண்டு பர்சென்ட். நீங்களும் வாங்குகிறவரும் கடைசிவரை நேரில் பார்த்துக்கொள்ளாமல் இருப்பது மிக முக்கியம். “பார்ட்டி கொஞ்சம் கோவக்காரருங்க, நானே பேசிக்கறேன்” என்று உங்களிடம் சொல்வார். வாங்குகிறவரிடமும் உங்களைப் பற்றி இதையேதான் சொல்லியிருப்பார்.

வண்டியை மொத்தமாக டீலருக்கே விற்றுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். விற்கலாம். மூன்று நாற்பதுக்குக் கேட்பார், பணம் அன்றே கைக்கு வரும். ஆனால் அவர் நிலைமையையும் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? அவர் போட்ட காசுக்கு வட்டி ஓடும். வட்டி ஓடுகிறவனுக்குத் தூக்கம் வராது. தூக்கம் வராதவன் வண்டியைச் சட்டென்று தள்ளிவிடுவான். கமிஷன் வண்டியில் அந்த அவதியே கிடையாது. முதல் உங்களுடையது. நிற்க நிற்க மாடல் பழசாவது உங்களுக்கு, இன்சூரன்ஸ் தீருவதும் உங்களுக்கு. அவருக்கு வரிசையில் ஓர் இடம் நிறைந்தது, கடை களைகட்டியது, அவ்வளவுதான்.

அதனால் வாங்க ஆள் வந்ததும் அவர் முதலில் தள்ளப் பார்ப்பது தன் காசு முடங்கிக் கிடக்கும் வண்டியைத்தான். அதற்கு உங்கள் வண்டி பேருதவி செய்யும். “இந்த ஸ்விஃப்ட் நாலரை சொல்றாங்க, ஓனர் ஒரு ரூபா இறங்க மாட்டேங்கறாரு. பக்கத்துல இருக்குதுங்களே, அதப் பாருங்க, நாலு பத்துக்கு முடிச்சுத் தர்றேன்.” பக்கத்தில் இருப்பது அவருடையது. இப்படி மாதக்கணக்கில் விலைப் பலகையாக நிற்பதற்கு உங்கள் வண்டிக்குச் சம்பளம் கிடையாது.

ஒப்படைக்கும் நாளில் தாராளமாக இருங்கள். சாவி இரண்டையும் கொடுங்கள். ஒரிஜினல் ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆதார் ஜெராக்ஸ், அரை டேங்க் டீசல். டேஷ்போர்டு பிள்ளையாரை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து முழுசாகத் திரும்பி வரப்போவது அவர் ஒருவர்தான்.

பிறகு படிவங்களை நீட்டுவார். பெயர் மாற்றத்துக்கான 29-ம் 30-ம். பெயர் காலி, தேதி காலி. கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும். போடுங்கள். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு, விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தேதியே இல்லாத தாளில் 14 நாள் எங்கிருந்து தொடங்கும்? தொடங்காது. “பார்ட்டி அமையுற அன்னைக்குத் தேதி போட்டுக்கலாங்க.”

அதிகப்பிரசங்கியான சிலருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மத்திய விதி அது. பழைய வண்டி வியாபாரி ஆர்டிஓ-விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். வண்டியை அவரிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால் அது முதல் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். நடக்கிறதற்கெல்லாம் அவர் பொறுப்பு. வண்டியை டெஸ்ட் டிரைவ், ரிப்பேர், பெயின்டிங், இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி வேலைகளுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம், எடுத்தால் பயணப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். “29சி போட்டுரலாங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். “அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்களுக்குங்க சார். நம்மளுக்குள்ள எதுக்கு?” நம்மளுக்குள்ள என்ற சொல் வந்துவிட்டால் அங்கே சட்டத்துக்கு நாற்காலி கிடையாது.

இனி காத்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை போன் போடலாம். “பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்க” என்பார். அடுத்த வாரம், “வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்னாங்க.” அப்புறம் “ஆடி முடியட்டுங்க.” ஆடி முடியும், புரட்டாசி வரும், ஐப்பசியில் தீபாவளிச் செலவு வரும். மார்கழியில் கேட்டால் உங்களையே திருப்பிக் கேட்பார்: “மார்கழில யாருங்க வண்டி எடுப்பாங்க?” தமிழ் மாதங்கள் இவ்வளவு சீக்கிரம் சுற்றிவருகின்றன என்பது காரைக் கமிஷனுக்கு விட்டவருக்குத்தான் தெரியும்.

ஃபாஸ்டேகை ரத்து செய்யாமல் கண்ணாடியிலேயே விட்டுவையுங்கள். முறைப்படி விற்கும்போது அதை மூடிவிட வேண்டும். மூடிவிட்டால் ஓசியில் கிடைத்த துப்பறிவாளரை இழந்துவிடுவீர்கள். சத்தி ரோட்டு ஷெட்டில் தூங்குவதாகச் சொல்லப்பட்ட வண்டி, ஒரு முகூர்த்த நாள் விடியற்காலையில் கணியூர் டோல்கேட்டில் காசு கட்டியதாக உங்கள் போனுக்கு மெசேஜ் வரும். அரை மணி கழித்து விஜயமங்கலம். அடுத்தது வைகுந்தம். கூப்பிட்டுக் கேட்டால், “பேட்டரி இறங்கிரக் கூடாதுன்னு ஒரு ரவுண்டு எடுத்தோம்ங்க சார்.” சேலம்வரை நீளும் ரவுண்டு. சாயங்காலம் அதே மூன்று கேட்டும் தலைகீழ் வரிசையில் வரும். வைகுந்தம் போய்த் திரும்பிய வண்டி என்று விளம்பரம் செய்தால் இன்னும் பத்தாயிரம் கூடக் கேட்கலாம், ஏனோ அதை மட்டும் அவர் சொல்வதில்லை. அடுத்த முறை நீங்கள் போய்ப் பார்க்கும்போது பின்சீட்டின் இடுக்கில் வாடிய ரோஜா இதழும் நாலைந்து மஞ்சள் அரிசியும் கிடக்கும்.

ஒரு நாள் உங்கள் நண்பரை வாங்குகிறவர் மாதிரி அனுப்பிப் பாருங்கள், செலவில்லாத சந்தோஷம். வண்டி ஒரு டாக்டரம்மாவுடையது என்று தெரியவரும். வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு. கோவையில் விற்பனைக்கு நிற்கும் கார்களில் டாக்டர் ஓட்டியவற்றை மட்டும் எண்ணினால், ஆஸ்பத்திரிகளில் எப்படி இவ்வளவு கூட்டம் காத்துக் கிடக்கிறது என்று யாருக்கும் விளங்காது. நீங்கள் விட்டபோது 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருந்த வண்டி இப்போது 68,000 காட்டும். சேலம் போய் வந்த பிறகும் குறைந்திருக்கிறது என்றால் எப்பேர்ப்பட்ட பராமரிப்பு! ஷோரூம் சர்வீஸ் ரெக்கார்டை எடுத்துப் பார்க்கும் பார்ட்டி வந்தால் குட்டு உடையும். அப்போது பழி விழப்போவது அந்த டாக்டரம்மா மேல், அதாவது உங்கள் மேல்.

ஒரே செய்தியை இரண்டு பக்கமும் விற்பதில்தான் அவருடைய கைத்திறன். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார் செய்வதை நிறுத்தியது. உங்களிடம் இது, “கம்பெனியே கைவிட்ட வண்டிங்க, மூணே காலுக்கு மேல ஒருத்தன் கேக்க மாட்டேங்கறான்” என்று வரும். வாங்க வந்தவரிடம், “கம்பெனியே நிறுத்திட்டாங்க, இனி தேடுனாலும் இந்த வண்டி கெடைக்காதுங்க” என்று போகும். 2025 செப்டம்பர் 22-ல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. புது வண்டியே இறங்கிவிட்டது, பழசு எம்மாத்திரம் என்று அன்று சாயங்காலமே உங்களுக்குப் போன் வந்திருக்கும். வாங்குகிறவர் யாருக்காவது அப்படி ஒரு போன் போனதாக நான் கேள்விப்படவில்லை.

என்றாவது ஒரு நாள் வண்டி விற்றுவிடும். தை பிறந்திருக்கும், அல்லது அவருடைய சொந்த வண்டிகள் எல்லாம் தீர்ந்திருக்கும். கணக்கு நகைக்கடைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதப்படும். மேலே பிள்ளையார் சுழி. அதன்கீழே உங்கள் மூணே முக்கால். அதற்கடியில் கழிவுகள்: வாட்டர் வாஷ், பாலிஷ் 4,500. பம்பர் டச்அப் 6,000. இது அந்த “ச்சு” விழுந்த இடம். புது பேட்டரி 5,500, அத்தனை ரவுண்டு எடுத்தும் இறங்கிவிட்டதாம். பெயர் மாற்றுச் செலவு 5,000. வாங்கியவரின் தாளிலும் அதே 5,000 இருக்கும், ஆனால் அந்தத் தாளை நீங்கள் பார்க்கப்போவதில்லை. கமிஷன் 7,500.

கடைசி வரியில் ஜிஎஸ்டி 18 பர்சென்ட் என்று எழுதி, பேனாவை நிறுத்தி, உங்கள் முகத்தைப் பார்ப்பார். மூணே முக்கால் லட்சத்துக்குப் போட்டால் 67,500. உங்களுக்கு வேர்க்கும். அவர் பெருந்தன்மையோடு அந்த வரியை அடித்துவிட்டு, “அத நான் பாத்துக்கறேன், நீங்க பத்தாயிரம் மட்டும் விட்டுக்குடுத்துருங்க” என்பார். 2025 ஜனவரியில் 18 ஆக ஏறிய அந்த வரி, டீலர் தானே வாங்கி விற்கும் வண்டியில் அவருக்குக் கிடைக்கும் லாபத்துக்கு மட்டுந்தான். தனி ஆள் தனி ஆளுக்கு விற்கும் காருக்கு ஜிஎஸ்டி கிடையாது. டீலர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவராக இருந்தால் அவருடைய கமிஷனுக்கு வரும், 7,500-க்கு 1,350. இதையெல்லாம் அங்கே விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். அறுபத்தேழாயிரத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவரிடம் பேசுகிற பேச்சா அது? நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

பணம் பாதி ஜிபே-யில் வரும். மீதி, பார்ட்டிக்கு லோன் சாங்ஷன் ஆனதும். வண்டி அன்றே போய்விடும். மீதிப் பணம் வந்த பிறகுதான் சாவி என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வண்டியும் விற்கத்தான் செய்கிறது. அவர்களுக்கு மச்சான் இல்லை போலிருக்கிறது.

பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு, பெயர் மாறிவிட்டதா என்று பார்க்கும் கெட்ட பழக்கம் வேண்டாம். ஆறு மாதம் கழித்து சீட் பெல்ட் போடாததற்கு அபராதம் என்று உங்கள் போனுக்குச் செய்தி வரும்போது தானாகத் தெரிந்துகொள்வீர்கள். டீலரைக் கூப்பிட்டால், “அந்தப் பார்ட்டி வேறொருத்தருக்குக் குடுத்துட்டாருங்களே” என்பார்.

இந்த இடத்தில் மட்டும் சிரிப்பைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. 2007-ல் ஒருவர் தன் காரை விற்றார். அது அடுத்தடுத்துக் கைமாறியது. பதிவேட்டில் முதல் ஆளின் பெயரே நின்றது. 2009-ல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈடு அவர் பொறுப்பு. அந்த வண்டியை அவர் விற்று அதற்குள் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. காலியாக விட்ட தேதிக் கட்டத்தின் விலை இது. பம்பர் டச்அப் மாதிரி காலண்டர் தாளில் இதற்கு வரி கிடையாது.

டீலர் வாயிலிருந்து வராத சமாசாரம் ஒன்று உண்டு. இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளைம் போனஸ் வண்டியோடு போகாது, அது உங்களுடையது. தொடர்ந்து ஐந்து வருஷம் கிளைம் வாங்காமல் ஓட்டியிருந்தால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. விற்றதற்கான தாள்களைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதம் வாங்கிவைத்தால், 3 வருஷத்துக்குள் எடுக்கும் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கடிதத்தைப் பீரோவில் வையுங்கள். மச்சானிடம் காட்டாதீர்கள், அவர் பையனிடம் சொல்லுவார், பையன் அதிலும் ரெண்டு பர்சென்ட் கேட்பான்.